படுக்கையறையில் பிறந்த பாட்டுகள்

வீட்டில் பதிவு செய்த பாட்டு, ஸ்டூடியோவில் பதிவு செய்த பாட்டுக்கு ஈடாகுமா? பாட்டெழுதவும் பாடவும் ஆர்வமுள்ள இளைஞர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி, ஒரு ஹெட்போன் இருந்தால் போதும், வீடே ஸ்டூடியோதான் என்கிறார் கடைக்காரர். வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பதிவு செய்து கேட்டால், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. கோளாறு ஒலிவாங்கியில்தான் என்று இன்னொரு ஆயிரம் வெள்ளி செலவாகிறது. டப்பா மட்டும் கொஞ்சம் பெரிய டப்பாவாகிறது.

இது இன்றைய தலைமுறைக்கு மட்டும் வந்த கவலை அல்ல. வீட்டு ஒலிப்பதிவுக்கு 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. உலகம் முழுவதும் விற்றுத் தீர்ந்த இசைத்தட்டுகளில் சில, கார் நிறுத்தும் கொட்டகையிலும் தோல் பொருள் கடையின் மாடியிலும் படுக்கையறையிலும் பிறந்தவை. அவற்றைச் செய்தவர்கள் கையில் இருந்த கருவிகள், இன்று ஒரு கைத்தொலைபேசியில் இருக்கும் வசதிகளுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. அப்படியானால் அவர்களிடம் இருந்தது என்ன?

கொட்டகையில் எட்டு கித்தார்

1940களில் ஒலிப்பதிவு என்பது நிறுவனங்களின் சொத்து. பாடகர் உள்ளே போவார், பாடுவார், வெளியே வருவார். ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது அவர் வேலை அல்ல. இந்த ஏற்பாடு பிடிக்காதவர் லெஸ் பால். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1915-இல் பிறந்த கித்தார் கலைஞர். புகழ்பெற்ற பாடகர் பிங் கிராஸ்பி கொடுத்த ஊக்கத்தில், ஹாலிவுட்டில் இருந்த தம் வீட்டுக் கார் கொட்டகையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். இசைத்தட்டு வெட்டும் கருவியையும் அவரே செய்தார். அது ஒரே சீராகச் சுழல்வதற்கு காடிலாக் காரின் ஃபிளைவீல் பயன்பட்டது.

அங்கே உருவாகி 1948-இல் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட ‘லவர்’ என்ற இசைத்தட்டில் எட்டு கித்தார்கள் ஒலிக்கின்றன. எட்டையும் வாசித்தவர் ஒருவரே. ஒரு தட்டில் ஒரு பகுதியை வாசித்துப் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து அடுத்த பகுதியை வாசித்து இரண்டையும் இன்னொரு தட்டில் பதிவு செய்வார். இப்படி அடுக்கிக்கொண்டே போவார். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் பழைய பகுதியின் தெளிவு கொஞ்சம் குறையும். இரைச்சல் கொஞ்சம் கூடும். எனவே முக்கியமில்லாத பகுதிகளை முதலில் வாசித்தார். கேட்பவர் காதில் நேராக விழ வேண்டிய பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். கருவியின் குறையை வாசிக்கும் வரிசையால் சமாளித்தார்.

அதே 1948 ஜனவரியில் ஒக்லஹோமா மாநிலத்தில் நடந்த கார் விபத்தில் அவருடைய வலது முழங்கை நொறுங்கியது. இனி அந்தக் கை மடங்காது, நீளாது என்ற நிலையில், கித்தார் பிடிக்கும் கோணத்திலேயே கையைப் பொருத்திவிடச் சொன்னார் அவர். மருத்துவர்களும் அப்படியே செய்தார்கள்.

இதற்கிடையே ஒலிநாடா வந்துவிட்டது. ஜெர்மனியில் 1930களிலேயே இருந்த அந்தத் தொழில்நுட்பத்தை, போர் முடிந்ததும் ஜேக் முல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். வானொலியில் ஒவ்வொரு வாரமும் நேரடியாகப் பாடி அலுத்துப்போயிருந்த கிராஸ்பி, அதில் தம் விடுதலையைக் கண்டார். ஆம்பெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்துப் பதிவுக் கருவிகள் செய்ய வைத்தார். அவற்றில் ஒன்று 1949-இல் லெஸ் பாலுக்குப் பரிசாக வந்தது. அவர் அதில் கூடுதலாக ஒரு ஒலிமுனையைப் பொருத்தி, ஒரே நாடாவில் பழைய ஒலியோடு புதிய ஒலியைச் சேர்க்கும் வழியைக் கண்டார். ஆனால் புதியது பதியும்போது பழையது அழிந்துவிடும். பத்தாவது அடுக்கில் ஒரு சுருதி தவறினால், முதல் அடுக்கிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இன்று ‘அன்டூ’ பொத்தானை அழுத்திப் பழகிய விரல்களுக்கு இந்த வேதனை புரிவது கடினம்.

லெஸ் பாலும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் இந்த முறையில், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த குடியிருப்பில் உருவாக்கிய ‘ஹவ் ஹை த மூன்’ 1951-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தக் காலப் பாடகர்கள் ஒலிவாங்கியிலிருந்து தள்ளி நின்று பாடுவதுதான் வழக்கம். மேரி ஃபோர்டோ மிக நெருங்கி நின்று, காதோடு பேசுவதுபோலப் பாடினார். பாட்டில் கேட்கும் அந்த அந்தரங்கமான குரலுக்குக் காரணம் இந்த நெருக்கமே.

அறை செய்கிற வேலை

அந்த நெருக்கத்தில் ஒரு பௌதிகம் இருக்கிறது. பாடுபவரின் குரல் ஒலிவாங்கியை இரண்டு வழிகளில் அடைகிறது. ஒன்று வாயிலிருந்து நேராக. மற்றது சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி. தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் நேராக வரும் ஒலி நான்கு மடங்கு வலுக்கிறது. மோதி வரும் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தகர டப்பா ஓசை என்பது இந்த இரண்டாவது ஒலிதான். ஒலிவாங்கி பொய் சொல்வதில்லை. விலையுயர்ந்த ஒலிவாங்கி அறையின் குறையை இன்னும் துல்லியமாகச் சொல்லும், அவ்வளவே.

இந்த வட்டாரத்து வீடுகளைப் பாருங்கள். தரையில் மொசைக் அல்லது டைல்ஸ், நான்கு பக்கமும் வழுவழுப்பான சிமெண்டுச் சுவர், மேலே காற்றாடி. வெப்பத்துக்கு ஏற்ற வீடு, பாட்டுக்கு ஏற்றதல்ல. கை தட்டினால் ‘டிங்’ என்று திரும்பி வரும். அதோடு மழை பெய்தால் கூரை பேசும்; பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் பேசும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை பல காலமாக உலவுகிறது. மெல்லிய அட்டை, வெளிச் சத்தத்தை ஒரு நாளும் தடுக்காது. கீச்சென்ற ஓசையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தடித்த மெத்தை, துணி நிறைந்த அலமாரி, கனமான போர்வை ஆகியவை அதைவிட மேல். ஆனால் அவையும் தாழ்ந்த சுருதிகளை அதிகம் அசைக்க முடியாது. 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலி அலை ஒன்றின் நீளமே சுமார் 3.4 மீட்டர், அதாவது ஒரு படுக்கையறையின் நீளம். சிறிய அறையில் மிருதங்கமும் பேஸ் கித்தாரும் ஓரிடத்தில் முழங்கி, இரண்டடி தள்ளி மறைந்துபோவது இதனால்தான்.

லண்டனில் ஜோ மீக் இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். பெரிய ஸ்டூடியோக்களில் ஒலிப்பொறியாளராக இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியேறியவர். ஹாலோவே சாலை 304-ஆம் எண்ணில், ஒரு தோல் பொருள் கடைக்கு மேலே இருந்த வீட்டில் தம் பதிவுக் கூடத்தை அமைத்தார். குளியலறை எதிரொலிக்கிறதா? பாடகரைக் குளியலறையில் நிற்க வைத்தார். 1964-இல் ‘ஹாவ் ஐ த ரைட்’ பாட்டுக்குக் காலடி ஓசை தேவைப்பட்டது. இசைக்குழுவினரை மரப் படிக்கட்டில் மிதிக்கச் சொல்லி, ஒலிவாங்கிகளை சைக்கிள் கிளிப்பால் கைப்பிடியில் மாட்டினார். சத்தம் தாங்காத வீட்டுக்காரம்மா கீழிருந்து துடைப்பத்தால் கூரையை இடிப்பார். மீக் ஒலியை இன்னும் கூட்டுவார். அங்கே உருவான ‘டெல்ஸ்டார்’ 1962-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. ஒரு பிரிட்டிஷ் குழுவின் இசை அமெரிக்கப் பட்டியலின் உச்சியைத் தொட்டது அதுவே முதல் முறை. பீட்டில்ஸ் குழு அந்த இடத்தை அடைந்தது 1964-இல்தான். மீக்கின் முடிவு துயரமானது. கடனும் மனநோயும் நெருக்கிய நிலையில், 1967 பிப்ரவரியில் வீட்டுக்காரம்மாவைச் சுட்டுக் கொன்று, தாமும் சுட்டுக்கொண்டார். டெல்ஸ்டார் மீதான வழக்கில் முடங்கிக் கிடந்த பணம் அவருக்கே உரியது என்று முடிவானது, அவர் இறந்த சில வாரங்களில்.

கம்பெனியை ஏமாற்றிய பொறியாளர்

வீடு கொடுப்பது நேரம். வீடு கெடுப்பது ஒலி. ஸ்டூடியோவில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே அறை நன்றாக இருக்கும், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தவர், பதினெட்டாவது முறை பாடிப் பார்க்கத் துணிவதில்லை.

இந்த நேரத்தை முழுமையாகப் பயன்படுத்தியவர் டாம் ஷோல்ஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்த இயந்திரவியல் பொறியாளர். பகலில் போலராய்ட் புகைப்படக் கருவி நிறுவனத்தில் வேலை. இரவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில், தம் வீட்டின் தரைக்குக் கீழே இருந்த சிறிய அறையில் இசைப்பதிவு. ஆண்டுக்கணக்கில் உழைத்து அனுப்பிய மாதிரிப் பதிவுகளைப் பல நிறுவனங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் எபிக் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பாட்டுகள் அனைத்தையும் முறையான ஸ்டூடியோவில் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும்.

ஷோல்ஸுக்கு அதில் விருப்பமில்லை. தயாரிப்பாளர் ஜான் பாய்லனும் அவரும் ஒரு தந்திரம் செய்தார்கள். குழுவின் மற்றவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் போய் ஸ்டூடியோவில் வேலை நடப்பதாகக் காட்டிக்கொண்டார்கள். ஷோல்ஸ் வீட்டிலேயே இருந்து, கருவி இசையில் பெரும்பகுதியைத் தரைக்குக் கீழே பதிவு செய்து முடித்தார். குரல் பதிவும் இறுதிக் கலவையும் பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தன. 1976-இல் வெளிவந்த ‘பாஸ்டன்’ என்ற அந்த இசைத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்றது. ஸ்டூடியோ தரம் வேண்டும் என்று கேட்ட நிறுவனத்துக்கு, அது வீட்டிலிருந்து வந்தது காதில் தெரியவில்லை.

சட்டைப் பையில் ஒரு கேசட்

ஷோல்ஸ் வைத்திருந்த கருவி சாமானியர் வாங்கக்கூடியதல்ல. அந்த நிலை மாறியது 1979-இல். ஜப்பானின் டியாக் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டூடியோ 144’ என்ற சிறு கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் இரு பக்கமும் சேர்த்து நான்கு ஒலித் தடங்கள் உண்டு. அந்த நான்கையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓட்டி, நான்கு தனித் தடங்களாகப் பதிவு செய்ய வழி செய்தது இந்தக் கருவி.

அதில் ஒன்று புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டுக்கு வந்தது. அப்போதே அவர் அமெரிக்காவின் பெரிய நட்சத்திரம். எந்த ஸ்டூடியோவையும் அமர்த்தும் வசதி உள்ளவர். புதுப் பாட்டுகளைத் தம் குழுவுக்குக் கேட்கக் கொடுப்பதற்காக, 1982 ஜனவரியில் நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்ற இடத்தில், வாடகை வீட்டின் படுக்கையறையில் அமர்ந்து பாடினார். இரண்டு சாதாரண ஒலிவாங்கிகள், கித்தார், மௌத் ஆர்கன். பாடியதை ஒரு பழைய பானசோனிக் கேசட் ரேடியோவில் நகலெடுத்து, உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். பிறகு முழு இசைக்குழுவோடு நியூயார்க்கின் பெரிய ஸ்டூடியோவில் அதே பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஒலி தெளிவாக இருந்தது, பாட்டு செத்துப்போயிருந்தது. படுக்கையறையில் தனிமையில் பாடிய குரலில் இருந்த ஏதோ ஒன்று அங்கே கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே வெளியிடுவது என்று முடிவானது.

முடிவு செய்வது எளிது, செய்து முடிப்பது அப்படியல்ல. கேசட்டில் ஒலியளவு குறைவு, இரைச்சல் அதிகம். அதை இசைத்தட்டில் வெட்ட முயன்றபோது மீண்டும் மீண்டும் தோல்வி. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மாஸ்டரிங் பொறியாளர்கள் முயன்ற பிறகே, குறைந்த ஒலியளவில் வெட்டி வழி கண்டார்கள். ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் 1982 செப்டம்பரில் வெளிவந்த அந்தத் தொகுப்பு, அவருடைய சிறந்த படைப்புகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. அது உருவான கதை 2025-இல் திரைப்படமாகவும் வந்தது. வீட்டில் ஒருவர் தனியாகச் செய்த பதிவு என்று அதைப் போற்றுகிறவர்கள், அதைத் தட்டில் ஏற்றப் பாடுபட்ட பொறியாளர்களை மறந்துவிடுவது நியாயமல்ல.

கோடம்பாக்கத்துப் பின்கட்டு

தமிழ்த் திரையிசையில் இதே மாற்றம் 1989-இல் தொடங்கியது. அதுவரை சென்னையில் திரைப்பாடல் என்றால் பெரிய ஒலிப்பதிவுத் திரையரங்கு, பல பத்து வாத்தியக்காரர்கள், கால்ஷீட் கணக்கு. குறித்த மணிக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். அந்த வேகமும் கட்டுப்பாடும் மகத்தான இசையைத் தந்தன என்பதில் ஐயமில்லை. பதின்ம வயதிலேயே அந்தக் கூடங்களில் கீபோர்டு வாசித்து வளர்ந்த ஏ.ஆர். ரஹ்மான், கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற சிறிய பதிவுக் கூடத்தைக் கட்டினார். விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கட்டி முடித்தபோது கருவி வாங்கக் கையில் காசில்லை என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அறையில் இருந்தவை குளிர்சாதனம், ஒரு அலமாரி, தரைவிரிப்பு. முதல் பதிவுக் கருவி வந்தது, தாயார் கரீமா பேகம் தம் நகைகளைக் கொடுத்த பிறகுதான். முதலில் அறை, பிறகு கருவி என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. பெரும்பாலோர் கருவியை வாங்கிவிட்டு அறையைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அந்தச் சிறு கூடத்திலிருந்து வந்த ‘ரோஜா’ 1992-இல் தமிழர்கள் இருக்கும் இடத்திலெல்லாம் ஒலித்தது. முதல் படத்திலேயே தேசிய விருது. 2005-இல் ‘டைம்’ இதழ் உலகின் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. சொந்தக் கூடம் என்பதால் கடிகாரத் தொல்லை இல்லை. இரவு நேரத்தில் வேலை. பாடகர்களைப் பல விதமாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, எது வேண்டும் என்பதைப் பிறகு முடிவு செய்வது அவர் வழக்கம். பாட்டு வெளிவந்த பிறகே தாம் பாடியதில் எந்தப் பகுதி இடம்பெற்றது என்று தெரிந்துகொண்ட பாடகர்கள் உண்டு.

கணினி வந்த பிறகு

1990களில் எல்லாம் வேகமாக மாறின. 1991-இல் புரோ டூல்ஸ் என்ற கணினிப் பதிவு முறை; அடுத்த ஆண்டு வீடியோ கேசட்டில் எட்டுத் தடம் பதிவு செய்யும் ஏடாட் கருவி; 2004-இல் ஆப்பிள் கணினியோடு கராஜ்பேண்ட் மென்பொருள். லெஸ் பால் பட்ட பாட்டையெல்லாம் பள்ளி மாணவர் ஒருவர் படாமலே செய்யலாம் என்றானது.

மலிவாகாதது ஒன்று உண்டு: தாம் பதிவு செய்ததைச் சரியாகக் கேட்கத் தெரிந்த காது. யமஹா நிறுவனம் 1978-இல் வீட்டு உபயோகத்துக்காக என்.எஸ்.10 என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டது. வீட்டில் கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. முரட்டு ஓசை என்றார்கள். ஒலிப்பொறியாளர்களோ அதை எடுத்துக்கொண்டார்கள். பாட்டில் உள்ள குறைகளை ஈவிரக்கமின்றிக் காட்டியதே காரணம். கீச்சொலி காதைக் குத்தியபோது அதன் முன்னால் கழிவறைக் காகிதத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். இதில் நன்றாக ஒலித்தால் எந்த வீட்டிலும் எந்தக் காரிலும் நன்றாக ஒலிக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2001-இல் தயாரிப்பு நின்ற பிறகும் அந்த வெள்ளைக் கூம்பு ஒலிபெருக்கிகளைப் பல ஸ்டூடியோக்கள் விடவில்லை. வீட்டில் பதிவு செய்பவர் செய்யும் தவறு இதற்கு எதிரானது. இனிமையாக ஒலிக்கும் ஹெட்போனில் கேட்டு மகிழ்ந்து, அப்படியே வெளியிட்டுவிடுகிறார். காரில் போட்டால் குரலைக் காணோம்.

2019-இல் பில்லி ஐலிஷ் என்ற 17 வயதுப் பெண்ணின் முதல் முழு இசைத்தொகுப்பு வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலஸின் ஹைலண்ட் பார்க் பகுதியில், பெற்றோர் வீட்டில், அண்ணன் ஃபினியஸின் சிறிய படுக்கையறையில் பதிவானது அது. தங்கை கட்டிலில் உட்கார்ந்து ஒலிவாங்கியை ஒட்டி மெல்லிய குரலில் பாடுவார். அண்ணன் மேசையில் இருந்து பதிவு செய்வார். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, சிறந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் சாலை கடக்கும் இடத்துச் சமிக்ஞை ஓசையைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, ‘பேட் கை’ பாட்டில் தாளமாகச் சேர்த்தார்கள். மேரி ஃபோர்டு 1951-இல் செய்த அதே நெருக்கம், அதே அடுக்கு.

2020 ஜனவரியில் நடந்த கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பாடல், பதிவு, இசைத்தொகுப்பு, புதுமுகம் ஆகிய நான்கு பெரிய விருதுகளையும் ஐலிஷ் பெற்றார். படுக்கையறைப் பாட்டு உலகை வென்றது என்று பத்திரிகைகள் எழுதின. அதே இரவில் சிறந்த ஒலிப்பொறியியலுக்கான விருதும் அந்தத் தொகுப்புக்கே கிடைத்தது. அதில் மூன்று பெயர்கள் இருந்தன. படுக்கையறையில் பதிவு செய்த ஃபினியஸ், அந்தத் தடங்களை வாங்கிக் கலவை செய்த ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங் செய்துகொடுத்த ஜான் கிரீன்ஹாம்.